வெளிநாட்டு அழைப்பு வரும்போது டச்சு இளம் வீரர் எதைத் தேர்ந்தெடுப்பது? நான்கு பாதைகளின் ஒப்பீடு

கோடைக்கால இடமாற்றச் சந்தை திறக்கும் ஒவ்வொரு முறையும் நெதர்லாந்துக் கால்பந்தைப் பின்தொடரும் வாசகர்கள் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். அயாக்ஸ், பி.எஸ்.வி., ஃபெயனோர்ட், ஏ.இசட். போன்ற ஒரு கிளப்பில் இருபது, இருபத்தொரு வயது வீரர் ஒருவர் பளிச்சென்று ஆடுகிறார். பருவம் முடிவதற்குள் இங்கிலாந்திலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் அழைப்புகள் வந்துவிடுகின்றன. அவர் போகலாமா, இருக்கலாமா, போனால் எவ்வளவு பெரிய கிளப்புக்குப் போகலாம் என்பதில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடுகிறார்கள். இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமான ஒரு பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வதால் அந்த வாதம் முடிவதே இல்லை. நடுத்தரக் கிளப்கள் வழியாக ஏறிய வான் டைக்கை ஒருவர் சொன்னால், நேராகப் பார்சலோனாவுக்குப் போன டி யோங்கை மற்றவர் சொல்வார். ஆகவே முதலில் அளவுகோல்களை வகுத்துக்கொண்டு, அதன் பிறகு ஒவ்வொரு பாதையையும் அவற்றின்மேல் வைத்துப் பார்ப்பதே முறை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் ஆடுகளத்தில் கிடைக்கும் நிமிடங்கள். நெதர்லாந்தின் முதல் பிரிவு லீக்கான எரெடிவிசியில் 18 அணிகள், ஒரு பருவத்துக்கு 34 ஆட்டங்கள். அவற்றில் முப்பது ஆட்டங்களைத் தொடக்கம் முதல் ஆடியவர், வேறொரு நாட்டில் மாற்று வீரர் இருக்கையில் அமர்ந்து ஓராண்டைக் கழித்தால், எவ்வளவு உயர்ந்த பயிற்சி பெற்றாலும் ஆட்டத்தின் வேகத்துக்கு உடல் பழகியிருக்காது.

இரண்டாவது, அழைப்பது யார் என்பது. நிர்வாகம் விரும்பி வாங்கிய வீரருக்கும், பயிற்சியாளர் தன் அணியில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட வெற்றிடத்துக்காகக் கேட்டு வாங்கிய வீரருக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. என் கணிப்பில் மற்ற எல்லா அளவுகோல்களையும் விட இதுவே கனமானது. கீழே வரும் பெரும்பாலான வெற்றிகளும் தோல்விகளும் இங்கேதான் தீர்மானமாகியிருக்கின்றன.

மூன்றாவது, ஒப்பந்தத்தின் நீளமும் வெளியேறும் வழியும். உயர்ந்த ஊதியத்துக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்திடும் நாளில் அது வெற்றியாகத் தெரியும். ஆடும் வாய்ப்பு இல்லாமல் போன பிறகு, அதே ஊதியத்தைத் தரக்கூடிய வேறு கிளப் கிடைக்காதபோது, அதுவே வீரரைக் கட்டிப்போடும். நெதர்லாந்தில் ஒப்பந்த வீரர்களின் ஊதியத்தில் ஒரு பகுதி சி.எஃப்.கே. என்னும் நிதியத்தில் சேர்ந்து, ஓய்வு பெற்ற பின் மாதந்தோறும் திரும்பி வருகிறது. வெளிநாடு செல்பவர் அந்தச் சேமிப்பு ஒழுக்கத்தைத் தாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான்காவது, தேசிய அணி. 2024இல் ஸ்டீவன் பெர்க்வைன் 26 வயதில் சவூதி அரேபியாவின் அல் இத்திஹாதுக்குச் சென்றபோது, அவருக்கான கதவு ஏறக்குறைய மூடிவிட்டது என்று பயிற்சியாளர் ரொனால்ட் கூமன் வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டு, சவூதியில் ஆடிக்கொண்டிருந்த ஜார்ஜினியோ வைனால்டமை அவர் யூரோ போட்டிக்கு அழைத்துச் சென்றிருந்தார். நாட்டின் பெயரைவிட, எந்த வயதில், எதற்காகப் போகிறார் என்பதையே அவர் பார்த்தார் என்று கொள்ளலாம்.

## பாதை ஒன்று: எரெடிவிசியில் இன்னும் ஓரிரு பருவம்

நிமிடங்களைப் பொறுத்தவரை இதற்கு ஈடு இல்லை. கோடி காக்போவை 2022 கோடையில் இங்கிலாந்துக் கிளப்கள் கேட்டன, அவர் பி.எஸ்.வி.யிலேயே தங்கினார். அடுத்த அரைப் பருவத்தில் 14 லீக் ஆட்டங்களில் 9 கோல் அடித்து, 12 கோல்களுக்கு வழியமைத்தார். கத்தார் உலகக் கோப்பையின் மூன்று குழு ஆட்டங்களிலும் ஆட்டத்துக்கு ஒன்றாக மூன்று கோல்கள் அடித்தார். 2023 ஜனவரியில் லிவர்பூல் அவரை வாங்கியது. நான்கு மாதக் காத்திருப்பு அவரை லீட்ஸ், சவுதாம்ப்டன் வரிசையிலிருந்து லிவர்பூலுக்கு உயர்த்தியது என்றே சொல்ல வேண்டும். லீட்ஸும் சவுதாம்ப்டனும் அந்தப் பருவத்தின் முடிவில் தரம் இறங்கி, கீழ்ப் பிரிவுக்குப் போயின.

டிர்க் கௌட் 26 வயது வரை உட்ரெக்ட், ஃபெயனோர்ட் கிளப்களில் ஆடி, 2006இல்தான் லிவர்பூலுக்குப் போனார். மறு ஆண்டே, ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தார்; 2010 உலகக் கோப்பை இறுதி வரை சென்ற அணியில் இடம்பெற்றார்; நாட்டுக்காக 104 ஆட்டங்கள் ஆடினார். தாமதமாகப் போனதால் எதையும் இழக்கவில்லை.

ஆயினும் தங்குவதற்கும் விலை உண்டு. 2019இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்ற அயாக்ஸ் அணியிலிருந்து டி லிக்டும் டி யோங்கும் கிளம்ப, டோனி வான் டி பீக் ஓர் ஆண்டு கூடுதலாக இருந்தார். டூரினில் யுவென்டஸுக்கு எதிராகச் சமன் கோலையும், லண்டனில் டாட்டன்ஹாமுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலையும் அடித்து, உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதுக்குரிய முப்பது பேர் பட்டியலில் இடம்பெற்ற ஆண்டு அது. அடுத்த பருவத்தில் அயாக்ஸ் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றோடு வெளியேறியது. கோவிட் தொற்றால் எரெடிவிசி 2020 ஏப்ரலில் சாம்பியன் அறிவிக்கப்படாமலே நிறுத்தப்பட்டது. சுற்றியிருந்த அணி கலைந்த பிறகு தங்குவது, முந்தைய ஆண்டு தங்கியதைப் போன்றதல்ல.

காயம் இன்னொரு அபாயம். ரூட் வான் நிஸ்டல்ரூய் 2000 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போகவிருந்தார். முழங்கால் பற்றிய ஐயத்தால் மருத்துவப் பரிசோதனையில் பேச்சு நின்றது. சில நாட்களில் பி.எஸ்.வி. பயிற்சித் திடலில் பந்துக்காகத் தாவி இறங்கியபோது முழங்கால் தசைநார் அறுந்தது. அலெக்ஸ் ஃபெர்குசன் ஓர் ஆண்டு காத்திருந்து, 2001இல் 190 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். வான் நிஸ்டல்ரூய் அங்கே 219 ஆட்டங்களில் 150 கோல்கள் அடித்தார். அப்படிக் காத்திருக்கும் பயிற்சியாளர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஃபிரெங்கி டி யோங் 2019 ஜனவரியில் பார்சலோனாவுடன் 750 லட்சம் யூரோவுக்கு உடன்பாடு செய்துகொண்டு, ஜூலை வரை அயாக்ஸிலேயே ஆடி, லீக்கையும் நாட்டுக் கோப்பையையும் வென்ற பிறகே கிளம்பினார். எதிர்காலம் உறுதியான மனத்தோடு அவர் ஆடிய அந்த ஆறு மாதம் அவருடைய வாழ்வின் மிகச் சிறந்த ஆட்டக்காலங்களுள் ஒன்று.

## பாதை இரண்டு: நேராகப் பெருங்கிளப்

பணம், புகழ், உயர்ந்த சக வீரர்கள், கோப்பைகள் எல்லாம் ஒரே கையெழுத்தில் கிடைக்கும் பாதை இது. மறைவான செலவுகள் மிகுந்திருப்பதும் இதில்தான்.

வான் டி பீக்கின் கதையையே தொடர்ந்து பார்ப்போம். 2020இல் மான்செஸ்டர் யுனைடெட் அவரை 390 லட்சம் யூரோவுக்கு வாங்கி ஐந்தாண்டு ஒப்பந்தம் தந்தது. 2017இல் ஒரு நட்பு ஆட்டத்தின்போது களத்தில் சுருண்டு விழுந்து மூளை பாதிப்படைந்த தன் நண்பர் அப்தெல்ஹக் நூரி அணிந்த 34ஆம் எண்ணையே அவர் அங்கே தேர்ந்துகொண்டார். அவருக்கு இயல்பான இடம், தாக்குதல் வரிசைக்குப் பின்னால் இருந்து கடைசி நொடியில் எதிரணியின் பெனால்டி பெட்டிக்குள் நுழையும் நடுக்கள இடம். ஆனால் அந்த இடத்தில் அவருக்கு ஏழு மாதம் முன்பு வந்த புரூனோ ஃபெர்னாண்டஸ் ஏற்கெனவே அணியின் உயிராகியிருந்தார். அருகில் பால் போக்பாவும் இருந்தார். முதல் பருவத்தில் லீக்கில் தொடக்கம் முதல் ஆடியது நான்கே ஆட்டங்கள். மொத்தம் 62 ஆட்டங்கள், 2 கோல்கள் என்று அந்தக் காலம் முடிந்தது. அயாக்ஸில் அவரை உருவாக்கிய எரிக் டென் ஹாக் 2022இல் அங்கே பயிற்சியாளராக வந்தும், 2023 ஜனவரியில் போர்ன்மவுத்துக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் காயமடைந்ததால் அந்த வாய்ப்பும் கைநழுவியது. எவர்டன், ஃபிராங்க்ஃபர்ட் எனக் கடன் ஒப்பந்தங்களில் (வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக ஆட அனுப்பும் ஏற்பாடு) சுற்றி, 2024இல் மிகச் சிறிய தொகைக்கு ஸ்பெயினின் ஹிரோனாவுக்குச் சென்றார். அவருடைய திறமையைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அணியில் அவர் இடம் காலியாக இல்லை என்பது வாங்கிய நாளிலேயே எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

அதே கிளப்புக்கு 2015இல் 21 வயதில் வந்த மெம்ஃபிஸ் டிபாய்க்கு வேறு வகைச் சிக்கல். பி.எஸ்.வி. லீக்கை வென்ற பருவத்தில் 22 கோல்களோடு முதலிடம் பிடித்தவர் அவர். அவரை நன்கு அறிந்த லூயி வான் கால்தான் அழைத்தார். ஏழாம் எண் சட்டையும் கிடைத்தது. ஓராண்டில் வான் கால் நீக்கப்பட்டார், ஜோசே மொரின்யோ வந்தார், டிபாய் ஒதுங்கிப்போனார். ஒரு பயிற்சியாளரை நம்பிப் போகிறவர் அந்தப் பயிற்சியாளரின் பதவி எத்தனை நாள் நீடிக்கும் என்பதையும் சேர்த்தே வாங்குகிறார்.

மத்தைஸ் டி லிக்ட் 2019இல் 19 வயதில் யுவென்டஸில் சேர்ந்தார். மூன்று பருவங்கள், சாரி, பிர்லோ, அலெக்ரி என்று மூன்று பயிற்சியாளர்கள், மூன்று தற்காப்பு முறைகள். லீக் பட்டம் வென்றார், ஆட்டமும் கெட்டுவிடவில்லை. ஆனால் அயாக்ஸில் தலைவராக நின்றவர் பின்னர் பயர்ன் மியூனிக், மான்செஸ்டர் யுனைடெட் என்று ஒவ்வொரு முறையும் புதிதாகத் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. டி யோங்கின் நிலையும் முற்றிலும் மாறுபட்டதல்ல. அவர் பார்சலோனாவுக்கு வந்தபோது அவருடைய இயல்பான இடத்தில் செர்ஜியோ புஸ்கெட்ஸ் இருந்தார். 2023 வரை இருந்தார். தொற்றுக் காலத்தில் ஊதியத்தின் ஒரு பகுதியைப் பிறகு பெற்றுக்கொள்ள டி யோங் இசைந்தார். அதற்குப் பின் 2022 கோடையில் கிளப்பே அவரை விற்க முயன்றது. அவர் உறுதியாக நின்று தங்கியதால் இன்று அந்த அணியின் அச்சாக இருக்கிறார். அத்தகைய மன உறுதி எல்லோரிடமும் இருக்கும் என்று நம்பித் திட்டமிட முடியாது.

ரையன் கிராவன்பெர்க் இந்தப் பாதையின் இரு முகங்களையும் காட்டுகிறார். 16 வயதில் அயாக்ஸின் மிக இளம் லீக் வீரரானவர் 2022இல் பயர்னுக்குப் போனார். அங்கே லீக்கில் தொடக்கம் முதல் ஆடியது மூன்று முறை மட்டுமே. ஓராண்டிலேயே வெளியேறும் துணிவு அவருக்கு இருந்தது. 2023 செப்டம்பரில் லிவர்பூலுக்கு வந்தார். 2024 கோடையில் லிவர்பூல் தற்காப்பு நடுக்கள வீரர் ஒருவரை வாங்க முயன்று கைகூடாமல் போனபோது, புதிய பயிற்சியாளர் ஆர்னே ஸ்லாட் அந்த வெற்றிடத்தில் கிராவன்பெர்க்கை நிறுத்தினார். அந்தப் பருவத்தில் லிவர்பூல் பட்டம் வென்றது. பிரீமியர் லீக்கின் சிறந்த இளம் வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. பயர்னில் இருந்தவரும் லிவர்பூலில் இருந்தவரும் ஒரே வீரர்தாம். மாறியது அணியில் இருந்த காலியிடமும் அதைக் கண்டுகொண்ட பயிற்சியாளரும்.

## பாதை மூன்று: நடுத்தரக் கிளப் வழியாக ஏறுவது

விர்ஜில் வான் டைக்கை விளக்காமல் இந்தப் பாதையைப் பேச முடியாது. வில்லெம் டூ கிளப்பின் இளையோர் பிரிவில் இருந்தபோது பிரெடாவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவியவர் அவர். முதல் அணியில் இடம் கிடைக்காமல் 2010இல் குரோனிங்கனுக்குச் சென்றார். 2012இல் குடல்வால் அழற்சி வயிற்று உறையழற்சியாக முற்றி உயிருக்கே ஆபத்தான நிலையிலிருந்து மீண்டார். 2013இல் நெதர்லாந்தின் பெரிய கிளப்கள் தயங்கியபோது ஸ்காட்லாந்தின் செல்டிக் ஏறத்தாழ 26 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. இரண்டு பருவங்களில் இரண்டு லீக் பட்டங்கள். 2015இல் கூமன் பயிற்சியாளராக இருந்த சவுதாம்ப்டன். 2018 ஜனவரியில் 750 லட்சம் பவுண்டுக்கு லிவர்பூல். அன்றைக்கு ஒரு தடுப்பாட்டக்காரருக்குக் கொடுக்கப்பட்ட தொகைகளில் உலகிலேயே மிக உயர்ந்தது அது. ஒவ்வொரு படியிலும் அவர் வாரம் தவறாமல் ஆடினார் என்பதே இதில் முதன்மையான செய்தி.

இதன் மறைவான செலவு, கண்ணில் படாமல் போவது. ஸ்காட்லாந்து லீக்கின் தரத்தை ஐயப்பட்டவர்கள் மிகுதி. 2014 உலகக் கோப்பை அணியில் அவருக்கு இடமில்லை. நாட்டுக்காக முதல் ஆட்டம் 2015 அக்டோபரில், 24 வயதில்தான் கிடைத்தது. தரமிறங்கும் அபாயமும் உண்டு. பி.எஸ்.வி.யைத் தலைவராக நின்று பட்டம் வெல்ல வைத்த வைனால்டம் 2015இல் நியூகாசிலுக்குப் போனார். 11 லீக் கோல்கள் அடித்தும் அணி தரம் இறங்கியது. ஆனால் அந்த 11 கோல்களே அவரை லிவர்பூலுக்குக் கொண்டுசென்றன. 2019இல் பார்சலோனாவை 4-0 என்று சாய்த்த இரவில் மாற்று வீரராக இறங்கி இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு கோல்கள் அடித்தார்.

இந்தப் பாதை ஏறுவதற்கு மட்டுமன்றி, விழுந்தவர் எழுவதற்கும் பயன்படுகிறது. மான்செஸ்டரில் ஒதுக்கப்பட்ட டிபாய்க்கு அடுத்த கிளப்பைத் தேட அவருடைய முகவர்கள் ஒரு டச்சுத் தரவுப் பகுப்பாய்வு நிறுவனத்தை நாடினர். எந்த அணியின் ஆட்டமுறைக்கு அவர் பொருந்துவார் என்று கணக்கிட்டுப் பார்த்தபோது பிரான்சின் லியோன் முன்னுக்கு வந்தது. 2017 ஜனவரியில் அங்கே சென்று 178 ஆட்டங்களில் 76 கோல்கள் அடித்து, அணித் தலைவராகி, 2021இல் பார்சலோனாவுக்குப் போனார். பெயரைப் பார்த்துப் போனபோது கிடைக்காதது, பொருத்தத்தைப் பார்த்துப் போனபோது கிடைத்தது. 2025இல் ராபின் வான் பெர்சியின் 50 கோல்களைத் தாண்டி, நாட்டின் ஆண்கள் அணிக்காக அதிக கோல் அடித்தவரும் அவரே. அப்போது அவர் ஆடிக்கொண்டிருந்தது பிரேசிலின் கொரிந்தியான்ஸ் அணியில்.

## பாதை நான்கு: பதினாறு வயதிலேயே கிளம்புவது

நேதன் அகே 2011இல் ஃபெயனோர்டின் இளையோர் பிரிவிலிருந்து செல்சிக்குப் போனார். ரெடிங், வாட்ஃபர்ட், போர்ன்மவுத் என்று கடன் ஒப்பந்தங்களில் ஆடி, 2017இல் போர்ன்மவுத்துக்கே நிரந்தரமாகச் சென்றார். 2020இல் மான்செஸ்டர் சிட்டி வாங்கியது. 2023இல் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என மூன்று கோப்பைகளையும் வென்ற அணியில் இருந்தார். கூர்ந்து பார்த்தால் அவரை உயர்த்தியது செல்சி அல்ல, போர்ன்மவுத். அதாவது மூன்றாம் பாதைதான்.

பிரெக்சிட்டுக்குப் பின், 2021 முதல் இங்கிலாந்துக் கிளப்கள் 18 வயது நிரம்பாத வெளிநாட்டு வீரர்களைச் சேர்க்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயது முதல் மாறலாம் என்ற விதிவிலக்கு மட்டும் இருக்கிறது. நெதர்லாந்திலோ, யோங் அயாக்ஸ், யோங் பி.எஸ்.வி. போன்ற இளைய அணிகள் இரண்டாம் பிரிவிலேயே வளர்ந்த ஆண்களோடு மோதுகின்றன. 2017-18இல் யோங் அயாக்ஸ் அந்தப் பிரிவையே வென்றது. இப்படியொரு களம் வீட்டருகே இருக்கும்போது பிற நாட்டின் இளையோர் அணிக்குப் போவதற்கு வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. பார்சலோனாவில் வளர்ந்து 16 வயதில் பாரிஸ் சென்ற ஸாவி சிமன்ஸ்கூட 2022இல் நெதர்லாந்துக்குத் திரும்பி, பி.எஸ்.வி.க்காக லீக்கில் 19 கோல்கள் அடித்த பிறகுதான் முழுமையான வீரராக மதிக்கப்பட்டார்.

| பாதை | ஆடும் நிமிடங்கள் | மறைவான செலவு | எப்போது சிறந்தது |
|---|---|---|---|
| எரெடிவிசியில் தங்குவது | மிகுதி | காயம், அணி கலைதல் | ஐரோப்பியப் போட்டியும் நல்ல சக வீரர்களும் இருக்கும்போது |
| நேராகப் பெருங்கிளப் | ஐயத்துக்குரியது | பயிற்சியாளர் மாற்றம், ஊதியக் கட்டு | தன் இடம் காலியாக இருக்கும்போது |
| நடுத்தரக் கிளப் | மிகுதி | தரமிறக்கம், தேசிய அணித் தாமதம் | உடல் வலுவும் வேகமும் சோதிக்கப்படாதபோது. மீள வேண்டியபோது |
| 16 வயதில் வெளிநாடு | மிகக் குறைவு | தொடர் கடன் ஒப்பந்தங்கள் | அரிதாக |

## யாருக்கு எது

தடுப்பாட்டக்காரர்களுக்கு மூன்றாம் பாதையையே சொல்வேன். எரெடிவிசியின் பெரிய அணிகள் பெரும்பாலும் எதிரணியின் பாதியிலேயே ஆடுவதால், அங்குள்ள மையத் தடுப்பாளர் அழுத்தத்தின்கீழ் நீண்ட நேரம் தற்காக்கும் பழக்கத்தைப் பெறுவதில்லை. சவுதாம்ப்டனோ போர்ன்மவுத்தோ அதை வாரந்தோறும் கற்றுத்தரும். நடுக்கள வீரர் நேராகப் பெருங்கிளப்புக்குப் போகலாம். ஆனால் தன் இடத்தில் இப்போது ஆடுபவரின் பெயரையும் வயதையும் ஒப்பந்த முடிவு ஆண்டையும் எழுதி வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்க வேண்டும். முன்கள வீரர்கள், காக்போவைப் போல, ஒரு பெரிய போட்டி அருகில் இருந்தால் அதுவரை காத்திருப்பது நல்லது.

கோல்காப்பாளரின் நிலை மட்டும் தனி. அணியில் ஒரே இடம், அதுவும் எளிதில் மாறாது. எட்வின் வான் டர் சார் 28 வயது வரை அயாக்ஸில் இருந்து, 1999இல் யுவென்டஸுக்குச் சென்றார். இரண்டே ஆண்டில் அந்த கிளப் ஜான்லூயிஜி புஃபோனை வாங்கிவிட்டது. இரண்டாம் காப்பாளராக டூரினில் தங்கி ஊதியம் பெற்றுக்கொண்டிருக்கலாம். அவரோ அப்போதுதான் பிரீமியர் லீக்குக்கு உயர்ந்திருந்த ஃபுல்ஹாமுக்கு இறங்கிப் போய், நான்கு பருவங்கள் முதல் காப்பாளராக நின்றார். 2005இல் மான்செஸ்டர் யுனைடெட் அழைத்தது; 2008 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் நிக்கோலா அனெல்காவின் பெனால்டியைத் தடுத்துக் கோப்பையை உறுதி செய்தபோது அவருக்கு வயது 37.